1902-இல் ஒரு டிஸ்க் பிரேக்: ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டரின் கதை

ஏதாவது ஒரு காலேஜ் பார்க்கிங்கில் போய்ப் பாருங்கள். பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்றாவது நிற்கும். யமஹா அந்த வண்டியை இந்தியாவில் 1985 முதல் 1996 வரை விற்றது. அதாவது அந்த வண்டிக்கு நம்மை விட வயசு அதிகம். ஆனால் முன் சக்கரத்தைப் பார்த்தால் பளபளன்னு ஒரு டிஸ்க் மாட்டியிருக்கும். கம்பெனி கொடுத்தது டிரம் பிரேக்தான். டிஸ்க் எல்லாம் அப்புறம் யாரோ ஒரு மெக்கானிக், புதுப்பேட்டை மாதிரி ஓர் இடத்தில் கிடைத்த வேறு வண்டியின் ஃபோர்க்கை வைத்துப் போட்டுக் கொடுத்தது.

பழைய பைக் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற நினைப்பது இந்த முன் பிரேக்கைத்தான். காரணம் சிம்பிள். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு. அந்த இடத்தில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவதை நாம் ஏதோ மாடர்ன் விஷயம் என்று நினைக்கிறோம். ஆனால் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் ஒருவர் 1902-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். பெயர் ஃபிரெடெரிக் வில்லியம் லாஞ்செஸ்டர். ஏரோநாட்டிக்கல் படிப்பவர்களுக்கு அவரை விமான இறக்கையோடு தெரியும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிப்பவர்களுக்கு ஒரு சமன்பாட்டோடு தெரியும். பைக் பிரேக் பிடிக்கும் நமக்குத்தான் அவரைத் தெரியாது.

டிகிரி வாங்காத இன்ஜினியர்

1868 அக்டோபர் 23-ஆம் தேதி லண்டனில் லூயிஷம் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர். பையனுக்கு உதவித்தொகை கிடைத்து, லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய இம்பீரியல் காலேஜின் ஒரு பகுதி அது. அங்கே தியரி நிறைய, ஒர்க்‌ஷாப் கம்மி. அதனால் சாயங்காலம் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் ஸ்கூலுக்குப் போய் இன்ஜினியரிங் வகுப்புகளில் உட்கார்ந்தார். கடைசியில் எந்தச் சான்றிதழும் வாங்காமலேயே படிப்பு முடிந்தது.

கொஞ்ச நாள் படம் வரையும் வேலை பார்த்தார். பிறகு பர்மிங்காம் நகரில், சால்ட்லி என்ற இடத்தில் இருந்த ஒரு கேஸ் இன்ஜின் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20, 21 இருக்கும். நம்ம வயசு. வேலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்று. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஆஃபர் லெட்டரைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கையெழுத்துப் போடும் நாம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்த இன்ஜின் கவர்னரும், கேஸ் இன்ஜினைத் தானாக ஸ்டார்ட் செய்யும் கருவியும் அவர் பெயரிலேயே பேட்டன்ட் ஆயின. அதில் வந்த பணம்தான் அடுத்த வேலைகளுக்கு முதலீடு.

சில வருஷத்தில் ஒர்க்ஸ் மேனேஜர் ஆனார். பிறகு அந்தப் பொறுப்பைத் தம்பி ஜார்ஜிடம் கொடுத்துவிட்டு, சொந்தமாகக் கார் செய்யும் வேலையில் இறங்கினார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்தவர்

அந்தக் காலத்துக் கார் என்றால் குதிரை வண்டியில் இன்ஜினை வைத்துக் கட்டியது மாதிரி இருக்கும். லாஞ்செஸ்டர் அப்படிச் செய்யவில்லை. 1895-இல் அவர் கட்டிய கார், பிரிட்டனிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் நான்கு சக்கர பெட்ரோல் கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒற்றை சிலிண்டர், 5 குதிரைத்திறன். 1896-இன் தொடக்கத்தில் ரோட்டுக்கு வந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த சட்டப்படி, இயந்திர வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும். அந்த வருஷக் கடைசியில்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. வண்டி நடை வேகத்தில் போகும் நாட்டில் ஒருவர் கார் டிசைன் செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

5 குதிரைத்திறன் போதவில்லை. இரண்டு சிலிண்டர் இன்ஜின் செய்தார். அதில் இரண்டு கிராங்க்‌ஷாஃப்ட்டுகள், எதிரெதிர் திசையில் சுற்றும். ஒன்றின் அதிர்வை இன்னொன்று சமன் செய்துவிடும். கியர்பாக்ஸில் எபிசைக்ளிக் கியர், அதாவது இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் இருக்கும் அதே வகை. ஸ்டீயரிங் வீல் கிடையாது, படகின் சுக்கான் மாதிரி ஒரு நீண்ட கைப்பிடி.

1899-இல் சகோதரர்கள் சேர்ந்து பர்மிங்காமில் லாஞ்செஸ்டர் இன்ஜின் கம்பெனியைத் தொடங்கினார்கள். இங்கே அவர் இன்னொரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒரு காரின் பாகத்தைக் கழற்றி இன்னொரு காரில் போட்டால் அரம் வைத்துத் தேய்க்காமல் அப்படியே உட்கார வேண்டும். அப்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஃபிட்டர் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவதுதான் வழக்கம். லாஞ்செஸ்டர் கேஜ் வைத்து அளந்து, டாலரன்ஸ் கொடுத்து, பாகங்களைச் செய்ய வைத்தார். இன்றைக்கு நாம் பழைய வண்டிக்கு வேறு வண்டியின் ஹப்பை மாட்ட முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப் பிடிவாதம் பிடித்த ஒரு தலைமுறை இருக்கிறது.

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் அவருடைய காரை வாங்கி ஓட்டியவர்களில் ஒருவர்.

அந்த பிரேக்

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். அன்றைய வண்டிகளில் பிரேக் என்றால், சுழலும் ஒரு டிரம்மின் மேல் ஒரு பட்டை இறுகும், அல்லது சக்கரத்தின் மேல் ஒரு கட்டை போய் அழுத்தும். லாஞ்செஸ்டர் வேறு மாதிரி யோசித்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய உலோகத் தட்டு. அதன் விளிம்பை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கும் ஒரு ஜோடி தாடைகள். அவ்வளவுதான். இன்றைய டிஸ்க், காலிப்பர், பேட் மூன்றும் அந்த பேட்டன்ட்டில் இருக்கின்றன.

ஐடியா ஏன் சரி என்று பார்ப்போம். டிரம் பிரேக்கில் ஷூ உள்ளே இருந்து வெளியே தள்ளும். தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். லீவர் இன்னும் உள்ளே போகும். சூடு வெளியே போக வழியும் இல்லை, எல்லாம் மூடியே இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் பிரேக் மந்தமாவது இதனால்தான். டிஸ்க்கில் எல்லாம் திறந்தவெளி. காற்று பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். சூடானால் தட்டு தடிக்கும், அதாவது பேடை நோக்கித்தான் வரும். மழைத் தண்ணீரும் சுற்றும் வேகத்தில் சிதறிப் போய்விடும்.

அப்புறம் ஏன் ஓடவில்லை? பிரச்சினை மெட்டீரியலில் இருந்தது. உராயும் பரப்புக்கு அவர் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தின் மேல் உலோகம். பிரேக் பிடித்தால் காது கிழியும் கீச்சுச் சத்தம். ரோடு எல்லாம் மண் ரோடு. திறந்திருக்கும் தட்டில் புழுதி ஒட்டி, செம்பு சீக்கிரமே தேய்ந்து போனது. இன்னொரு குறையும் இருந்தது. டிரம்மில் சக்கரம் சுழலும் திசையே முன்பக்க ஷூவை இன்னும் இறுக்கி நமக்கு உதவி செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. நாம் கொடுக்கும் அழுத்தம்தான் எல்லாம். அதைப் பெருக்கிக் கொடுக்க ஹைட்ராலிக் வேண்டும். கார்களில் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1920-களில்.

ஆக, வடிவம் சரி. பேட் தப்பு, அழுத்தம் போதாது. மூன்றில் ஒன்று மட்டும் கையில் இருந்தது. டிஸ்க் பிரேக் தூங்கப் போய்விட்டது.

கம்பெனி போச்சு, மூளை போகவில்லை

ஆர்டர் இருந்தும் முதலீடு போதாமல் 1904-இல் கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. பிறகு லாஞ்செஸ்டர் மோட்டார் கம்பெனி என்று புதிதாக எழுந்தது. ஆனால் ஃபிரெடெரிக்கின் கை அதில் பழையபடி ஓங்கி இருக்கவில்லை. போகப் போக டிசைன் பொறுப்பு தம்பி ஜார்ஜுக்குப் போனது. அண்ணன் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். கிராங்க்‌ஷாஃப்ட் முறுக்கி அதிர்வதை அடக்கும் டாம்பரும், நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வைக் கொல்ல இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பேலன்சர் ஷாஃப்ட்டுகளும் அவர் கொடுத்தவை. அந்த பேலன்சர் யோசனையை 1970-களில் ஒரு ஜப்பானியக் கார் கம்பெனி எடுத்துப் பெரிய அளவில் பயன்படுத்தியது.

இதற்கு நடுவில் விமானம். 1892-இல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது, இறக்கை அசைக்காமல் கூடவே மிதந்து வரும் கடற்பறவைகளைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கியது. இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழல்கிறது, இறக்கை நுனியில் ஏன் சுழல் உண்டாகிறது என்று எழுதி 1897-இல் அனுப்பினார். லண்டனின் அறிவியல் சங்கங்கள் அதை வெளியிடவில்லை. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 6 வருஷம் முன்பு அது. பிறகு 1907, 1908-இல் இரண்டு புத்தகங்களாகவே போட்டார். ஜெர்மனியில் பிரான்ட்ல் அதே பாதையில் போய் முழுக் கணிதத்தையும் கட்டி எழுப்பிய பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. இங்கேயும் அதே கதை. உருவம் அவரிடம் முதலில் இருந்தது. அதை வேலை செய்ய வைக்கும் கருவி வேறொருவரிடம் இருந்து பின்னால் வந்தது.

முதல் உலகப் போர் நேரத்தில் சண்டையையே கணக்காக எழுதினார். துப்பாக்கிச் சண்டையில் ஒரு படையின் பலம், ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும் என்றார். சம திறமையுள்ள 10 பேரும் 5 பேரும் மோதினால் பலம் 100-க்கு 25. ஜெயிக்கும் பக்கம் 75-இன் வர்க்கமூலம், அதாவது கிட்டத்தட்ட 9 பேர் மிச்சம் இருப்பார்கள். ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுபவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். 1922-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1919-இல் டோரதியா கூப்பரைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் இல்லை. கடைசிக் காலம் கஷ்டமானது. பார்க்கின்சன் நோய், மங்கிப்போன கண்பார்வை, கையில் பணம் இல்லை. இத்தனை பேட்டன்ட் வைத்திருந்தவர் பணக்காரர் ஆகவே இல்லை. 1946 மார்ச் 8-ஆம் தேதி பர்மிங்காமில் தன் வீட்டில் இறந்தார்.

டிஸ்க் திரும்பி வந்தது

அவர் உயிரோடு இருந்தபோதே ஒவ்வொரு ஓட்டையாக அடைபட ஆரம்பித்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னொரு ஆங்கிலேயர், ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கியவர், பிரேக்குக்கு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனரைக் கொண்டுவந்தார். சத்தம் குறைந்தது, சூட்டையும் தாங்கியது. (அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று புரிந்து பிற்பாடு அதையும் மாற்ற வேண்டி வந்தது.) ஹைட்ராலிக் வந்தது. விமானச் சக்கரங்களில் டிஸ்க் வந்தது. 1953-இல் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேர ரேஸில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்தது. மற்றவர்களை விட வளைவுக்குப் பக்கத்தில் போய் பிரேக் பிடிக்க முடிந்ததுதான் அந்தக் காரின் பெரிய பலம். லாஞ்செஸ்டர் இறந்து அப்போது 7 வருஷம்.

பைக்குக்கு வர இன்னும் நாள் ஆனது. 1969-இல் ஹோண்டா சி.பி. 750 முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்தது. சாதாரண ஆள் கடையில் போய் வாங்கக்கூடிய வண்டியில் டிஸ்க் என்பதை வழக்கமாக்கியது அதுதான். அதே சமயத்தில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. விட்ட பெரிய வண்டியான ராக்கெட் 3-இல் முன்னால் டிரம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்பதும் பர்மிங்காம் கம்பெனிதான். 1931-இல் லாஞ்செஸ்டர் கார் கம்பெனியை வாங்கி, சுமார் 30 வருஷம் அந்தப் பெயரையே கையில் வைத்திருந்த குழுமம் அது. டிஸ்க் பிரேக்கின் சொந்த ஊரில் டிரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானில் இருந்து டிஸ்க் வந்து மார்க்கெட்டை எடுத்துக்கொண்டது.

சரி, நம்ம வண்டிக்கு என்ன?

லாஞ்செஸ்டர் கதையை பிரேக் மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க் என்ற தட்டு மட்டும் வண்டியை நிறுத்தாது. 1902-இல் தட்டு இருந்தது, மற்றவை இல்லை. இன்று பழைய பைக்கில் அவசரமாக டிஸ்க் மாட்டும் பலர் அதே 1902-க்குத்தான் திரும்பிப் போகிறார்கள்.

முதலில் அழுத்தம். மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் ஜோடியாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு மாஸ்டர் பிஸ்டன் 12 மி.மீ. விட்டம், காலிப்பர் பிஸ்டன் 30 மி.மீ. என்றால், விசை (30/12)-இன் வர்க்கம், அதாவது 6.25 மடங்கு ஆகிறது. பெரிய வண்டியின் மாஸ்டர் என்று 15 மி.மீ. போட்டால் அது 4 மடங்காக இறங்கிவிடும். லீவர் கல் மாதிரி இருக்கும், பிரேக் பிடிக்காது. பெரிசு போட்டால் பவர் கூடும் என்ற நினைப்பு இங்கே தலைகீழ். டியூபில் ஏர் மிச்சம் இருந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும்.

அடுத்து பேட். லாஞ்செஸ்டர் தோற்ற இடம். விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட் போட்டால் அவர் கேட்ட அதே கீச்சுச் சத்தத்தை நீங்களும் கேட்பீர்கள். நல்ல பேட் போட்டாலும் முதல் சில நாள் மிதமாகப் பிடித்துப் பழக்க வேண்டும், அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் முழுப் பரப்பில் ஒட்டும். டிஸ்க்கில் செயின் ஆயில் படவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கடைசியாக, பிரேக்கைத் தாங்குபவை. டிஸ்க்கின் முழு இழுப்பும் ஒரு பக்க ஃபோர்க் காலில் விழும். மெல்லிய பழைய ஃபோர்க்கில் காலிப்பருக்கு ஒரு பட்டையை வெல்டிங் செய்து ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. டிஸ்க்குக்கென்றே செய்த ஃபோர்க், அதற்கான ஹப், ஆக்ஸில் எல்லாம் செட்டாக வேண்டும். அதுவும் நீளம் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வண்டி வளைவில் திரும்பும் விதமே மாறிவிடும். டயர் காய்ந்து கெட்டியாகி இருந்தால் எந்த பிரேக்கும் பிரயோஜனம் இல்லை. முன் சக்கரம் லாக் ஆகிக் கீழே போடும். பழைய வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது என்பதை மறக்காதீர்கள். கம்பெனி அமைப்பை மாற்றுவதில் சட்டக் கட்டுப்பாடும் உண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் முடியாது என்றால் டிரம்மையே சரி செய்யலாம். வட்டம் கெட்ட டிரம்மை லேத்தில் லேசாகப் பிடிக்கலாம். நல்ல லைனர், புது கேபிள் போடலாம். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில் கேபிளும் பிரேக் ஆர்மும் 90 டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்து செட் செய்யலாம். பல வண்டிகளில் இதுவே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். மோசமாக மாட்டிய டிஸ்க்கை விட ஒழுங்காக இருக்கும் டிரம் மேல்.

கோவென்ட்ரி நகரில் 1970-இல் ஒரு பாலிடெக்னிக்குக்கு லாஞ்செஸ்டரின் பெயரை வைத்தார்கள். இன்று அது கோவென்ட்ரி யுனிவர்சிட்டி. மாஸ்டர்ஸ் அப்ளை செய்பவர்களுக்குத் தெரிந்த பெயர். டிகிரி வாங்காமல் வெளியே வந்தவரின் பெயர் இன்றும் அங்கே நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. நம் ஊரில் அவருக்குச் சிலை எதுவும் இல்லை. ஆனால் தினமும் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வலது கையின் இரண்டு விரல் லீவரை இழுக்கிறதே, அப்போது முன்னால் அந்த மெல்லிய தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கும் தாடை அவருடையதுதான்.